இன ஒதுக்கல் என்றால் என்ன? ஜோகன்னஸ்பர்க், டர்பன் தெருக்களிலிருந்து ஒரு விளக்கம்

1956இல் ஜோகன்னஸ்பர்க்கின் பணக்காரக் குடியிருப்பு ஒன்றில் பீட்டர் மகுபானே ஒரு புகைப்படம் எடுத்தார். தெருவோரம் ஒரு பெஞ்ச். அதன் முதுகுப் பலகையில் ‘ஐரோப்பியர் மட்டும்’ என்று எழுதியிருக்கிறது. அதில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொள்ளும் கறுப்பினத்து ஆயா பெஞ்சின் பின்பக்கம் இருக்கிறார். கை மட்டும் இந்தப் பக்கம் வந்து குழந்தையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த ஆயா குழந்தையைக் குளிப்பாட்டலாம், ஊட்டிவிடலாம், மடியில் போட்டுத் தூங்க வைக்கலாம். பெஞ்சில் பக்கத்தில் உட்காரக் கூடாது, அவ்வளவுதான்.

இன ஒதுக்கலைப் பற்றி முதன்முதலாகக் கேட்பவர்களுக்கு இந்தப் படத்தைத்தான் காட்டத் தோன்றுகிறது. ‘பிரித்து வைத்தார்கள்’ என்றதும் இங்கே ஒரு கூட்டம், அங்கே ஒரு கூட்டம், நடுவில் பெரிய சுவர் என்றுதான் நம் மனத்தில் படம் ஓடும். ஆனால் தென்னாப்பிரிக்க நகரங்களில் வெள்ளையரும் கறுப்பரும் விலகி வாழவே இல்லை. ஒரே வீட்டின் சமையலறையில், ஒரே கடையில், ஒரே சுரங்கத்தில் தினமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கறுப்பர்களின் உழைப்பு இல்லாமல் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு நாள் பொழுது போகாது. அந்த நெருக்கம் யார் சொன்னபடி, எந்த நேரத்தில், எந்த வாசல் வழியாக நடக்கலாம் என்று கட்டளை போட்டதுதான் இன ஒதுக்கல்.

தமிழ்ப் பத்திரிகைகளில் இதை ‘நிறவெறி’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். எனக்கு அந்தச் சொல்லில் ஒரு குறை தெரிகிறது. வெறி தலைக்கு ஏறும், கத்தும், அடிக்கும், அப்புறம் இறங்கிவிடும். தென்னாப்பிரிக்காவில் நடந்ததில் பெரும்பகுதி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, மை தொட்டு, நிதானமாகச் செய்த வேலை. படிவம், முத்திரை, வரைபடம், பெயின்ட் அடித்த பலகை. ‘ஒதுக்கல்’ என்ற சொல்தான் பொருத்தம். நம் மொழியில் அதற்கு இரண்டு முகம் இருக்கிறது. ஒருவருக்கு ஒதுக்குவது என்றால் கொடுப்பது. ஒருவரை ஒதுக்குவது என்றால் விலக்குவது. அந்தப் பெஞ்சை ஒருவருக்கு ஒதுக்கினார்கள். அதனாலேயே இன்னொருவர் ஒதுக்கப்பட்டார். 1953இல் அங்கே வந்த சட்டத்தின் பெயரே ‘தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம்’.

சரி, எங்கே ஆரம்பித்தது? 1948 தேர்தலில் வெள்ளையரின் தேசியக் கட்சி வென்று ‘அபார்ட்ஹைட்’ என்ற கொள்கையைக் கொண்டுவந்தது என்றுதான் பாடப்புத்தகங்கள் தொடங்கும். டச்சு வழிவந்த வெள்ளையர் பேசும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அந்தச் சொல்லுக்குத் தனித்திருத்தல் என்று பொருள். ஆனால் அதற்கு முன்பே நகரங்கள் அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டன. 1904இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிளேக் பரவியது. இந்தியர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பைக் காலி செய்து கொளுத்தினார்கள். அங்கே கூடவே இருந்த கறுப்பர்களை நகருக்கு வெகு தொலைவில், கழிவுநீர்ப் பண்ணை ஒன்றின் அருகே கிளிப்ஸ்ப்ரூட் என்ற இடத்தில் குடியேற்றினார்கள். சுகாதாரம்தான் காரணம் என்றார்கள். நோய் போனது, ஆட்கள் திரும்ப நகருக்குள் வர விடப்படவில்லை. பிற்காலத்தில் உலகமே கேள்விப்பட்ட சொவேட்டோ என்ற பெரிய கறுப்பர் குடியிருப்பின் தொடக்கம் அந்தக் குடியிருப்புதான்.

டர்பன் நகராட்சி இன்னும் சாமர்த்தியமாக யோசித்தது. கறுப்பினப் பெண்கள் சோளத்தில் பியர் காய்ச்சி விற்றுப் பிழைத்துவந்தார்கள். 1908இல் வந்த ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த பியரைக் காய்ச்சவும் விற்கவும் நகராட்சிக்கு மட்டுமே உரிமை என்றாக்கினார்கள். நகராட்சி பியர்க் கடைகளில் கறுப்பினத் தொழிலாளர்கள் குடித்த காசு, அவர்களையே அடைத்து வைக்கும் விடுதிகளுக்கும் கண்காணிக்கும் நிர்வாகத்துக்கும் போனது. வெள்ளையரின் வரிப்பணத்தில் கை வைக்கவே தேவையில்லை! ‘டர்பன் முறை’ என்று பெயர் வாங்கி மற்ற நகரங்களுக்கும் இது பரவியது. கட்டுகிறவன் கையிலேயே கயிற்றுக்கும் காசு வாங்கிய கதை என்று சொல்ல வாய் வருகிறது. உண்மையில் கட்டப்பட்டவனிடம் வாங்கினார்கள்.

1922இல் ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்தில் ஸ்டாலார்ட் தலைமையிலான ஓர் ஆணையம் இதற்கெல்லாம் தத்துவமே எழுதிக் கொடுத்தது. நகரம் வெள்ளையன் உருவாக்கியது. அவனுக்கு வேண்டிய வேலையைச் செய்யக் கறுப்பன் உள்ளே வரலாம். வேலை முடிந்ததும் போய்விட வேண்டும். ஆணையம் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். பின்னால் வந்த சட்டங்களில் பெரும்பாலானவை இந்த மூன்று வாக்கியங்களுக்கு எழுதிய உரை.

1948க்குப் பிறகு மாறியது வேகமும் ஒழுங்கும். முதலில் யார் யார் என்ன இனம் என்று பட்டியல் போட வேண்டுமே! 1950இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் வந்தது. வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தார், இந்தியர் என்று ஒவ்வொருவர் பெயரின் பக்கத்திலும் ஓர் இனம் எழுதப்பட்டது. பார்த்தால் வெள்ளையராகத் தெரிவதும், ஊரார் வெள்ளையர் என்று ஏற்றுக்கொள்வதும்தான் அளவுகோல். தோலின் நிறம் படிவத்தின் கட்டங்களுக்கு அடங்குமா? சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்க்கும் அதிகாரிகள் இருந்தார்கள். விழுந்தால் ஓர் இனம், நின்றால் வேறு இனம். அண்ணன் ஒரு பட்டியலிலும் தங்கை இன்னொரு பட்டியலிலும் போன குடும்பங்கள் உண்டு. வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தியின் முடியும் நிறமும் பொருந்தவில்லை என்று 1966இல் பள்ளியிலிருந்து அனுப்பி, கலப்பினத்தவள் என்று பதிவை மாற்றினார்கள். அடுத்த ஆண்டு சட்டம் திருத்தப்பட்டதும் மறுபடி வெள்ளைக்காரி ஆனாள். பெண் அதே பெண்தான். இதற்கிடையில், வியாபாரம் பெருகியதால் ஜப்பானியர்களுக்கு 1960களில் ‘கௌரவ வெள்ளையர்’ என்ற அந்தஸ்து கிடைத்தது. பக்கத்துத் தெருவில் கடை வைத்திருந்த சீனர்களுக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பட்டியல் கையில் வந்த பிறகு மற்றதெல்லாம் சுலபம். ரயில் நிலையத்தில் தனி வாசல், தனி நடைபாலம், தனிப் பெட்டி. தபால் நிலையத்தில் தனி ஜன்னல். ஆம்புலன்ஸ்கூடத் தனி. அடிபட்டுக் கிடப்பவரின் இனத்துக்கு ஏற்ற வண்டி வர வேண்டும். பெரிய கட்டடங்களில் மூட்டை முடிச்சோடு கறுப்பர்களும் ஏற ஒரு லிஃப்ட், வெள்ளையருக்கு ஒன்று. டர்பன் கடற்கரையில், இந்தக் குளியல் பகுதி வெள்ளை இனத்தாருக்கு மட்டும் என்று ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ், சூலு ஆகிய மூன்று மொழிகளிலும் பலகை நட்டிருந்தார்கள். கடலுக்கு இனம் பார்க்கத் தெரியாதென்பதால் கரைக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

வெள்ளையர் வீட்டில் வேலைக்காரருக்கென்று ஒரு எனாமல் தட்டும் ஒரு எனாமல் குவளையும் தனியே இருக்கும். அந்தத் தட்டில் சாப்பிடுகிறவர்தான் வீட்டுக்காரருக்கும் சமைத்துப் போடுகிறவர். இரட்டைக் குவளையைத் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

‘தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருக்கிறதே, அதில் என்ன தப்பு?’ என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. இந்தக் கேள்விக்கு அந்த அரசே பதில் சொல்லிவிட்டது. ‘ஐரோப்பியர் மட்டும்’ என்றிருந்த கேப் டவுன் ரயில் நிலையக் காத்திருப்பு அறைக்குள் ஒரு கறுப்பர் நுழைந்தார். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. தனி அறைகள் இருக்கலாம், ஆனால் தரத்தில் பெரிய வித்தியாசம் இருந்தால் செல்லாது என்ற வகையில் 1953இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அரசு என்ன செய்திருக்கலாம்? கறுப்பர்களின் அறைக்கும் நாலு நல்ல பெஞ்ச் போட்டிருக்கலாம். அதற்குப் பதில், தனி வசதிகள் சமமாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்று அதே ஆண்டில் சட்டம் இயற்றியது. மேலே சொன்னேனே, அந்த ஒதுக்கீட்டுச் சட்டம் இதுதான். மனத்தில் இருந்ததை இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்த சட்டங்கள் குறைவு.

பலகைகள் கண்ணுக்குத் தெரிந்த பகுதி. சட்டைப்பையில் இருந்தது அதைவிடக் கனமானது. 1952இல் ஒரு சட்டம் வந்தது. அதன் பெயரில் ‘பாஸ் ஒழிப்பு’ என்ற சொற்கள் இருந்தன. பாஸ் என்றால் கறுப்பர்கள் நடமாட வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டு. பழைய பாஸ்களை ஒழித்தது உண்மைதான். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடித்த புத்தகமாகக் கையில் கொடுத்தது. புகைப்படம், இனம், வரி கட்டிய விவரம், மாதாமாதம் முதலாளி போட வேண்டிய கையெழுத்து எல்லாம் அதில். பதினாறு வயது ஆன கறுப்பர் எந்த நேரமும் அதை வைத்திருக்க வேண்டும். மக்கள் அதை ‘டொம்பாஸ்’ என்றார்கள், ‘முட்டாள் பாஸ்’ என்று பொருள். சிறப்பு அனுமதி இல்லாத கறுப்பர் எவரும் நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது. அனுமதி இல்லாமலே தங்க வேண்டுமானால், அந்த நகரத்திலேயே பிறந்து தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது ஒரே முதலாளியிடம் பத்து வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும், அல்லது பதினைந்து வருடம் சட்டப்படி அங்கே இருந்திருக்க வேண்டும். வேலை போனால் கையெழுத்து போகும். கையெழுத்து போனால் ஊரில் இருக்கும் உரிமை போகும். ஸ்டாலார்ட் சொன்னதை ஒரு புத்தகத்துக்குள் அடக்கிவிட்டார்கள்.

பெண்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியபோது, 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசுத் தலைமையகத்துக்கு ஊர்வலம் போனார்கள். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் பாஸ் எதிர்ப்புக் கூட்டத்தின் மீது போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். பாஸ் சட்டங்கள் போக 1986 வரை ஆனது.

இதில் எனக்கு மறக்க முடியாதது ஜோகன்னஸ்பர்க்கின் மொட்டைமாடிகள். நகரின் நடுவில் வெள்ளையருக்கான அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பின. வீட்டு வேலைக்காரர்கள் எங்கே தூங்குவது? வீட்டுக்குள் கூடாது, தொலைவில் இருந்தால் விடிகாலையில் காபி போட யார் வருவார்? அதனால் மொட்டைமாடியில் சின்னச் சின்ன அறைகள் கட்டினார்கள். வெள்ளையர் தலைக்கு மேலேயே ஒரு கறுப்பர் குடியிருப்பு! ‘வானத்துச் சேரிகள்’ என்று சொல்லும்படியான ஒரு பெயர் அதற்கு வந்தது. அரசுக்குப் பயம் பிடித்து, 1955இல் ஒரு கட்டடத்துக்கு ஐந்து வேலைக்காரர்களுக்கு மேல் தங்கக் கூடாதென்று சட்டம் போட்டது. அந்த அறைகளில் கணவனோ பிள்ளைகளோ வந்து தங்கக் கூடாது. இரவில் போலீஸ் கதவைத் தட்டிப் பார்க்கும். வெள்ளைக் குழந்தையை வளர்த்த பெண்ணின் சொந்தக் குழந்தை எங்கோ ஒரு கிராமத்தில் பாட்டியிடம் வளர்ந்தது.

சுவர் என்று சொன்னேன் அல்லவா, அது இனி வருகிறது. 1950இல் வந்த குழுப் பகுதிகள் சட்டம்தான் அது. நகர வரைபடத்தை விரித்து, இந்தப் பகுதி வெள்ளையருக்கு, அது இந்தியருக்கு, அந்தக் கோடி கறுப்பர்களுக்கு என்று நிறம் தீட்டினார்கள். பல தலைமுறை ஒரு தெருவில் இருந்தவர், தெருவின் நிறம் மாறிய அன்று அங்கே குற்றவாளி ஆனார். ஜோகன்னஸ்பர்க்கின் சோஃபியாடவுனில் கறுப்பர்களுக்குச் சொந்தப் பட்டாவே இருந்தது. வேறு எங்கும் எளிதில் கிடைக்காதது. 1955 பிப்ரவரி 9 அன்று சுமார் 2,000 போலீஸ்காரர்கள் வந்தார்கள். சாமான்களை லாரியில் ஏற்றி, மக்களை சொவேட்டோ பக்கத்து மெடோலேண்ட்ஸுக்குக் கொண்டுபோனார்கள். இடித்துத் தரைமட்டமாக்கிய இடத்தில் வெள்ளையருக்கு வீடு கட்டி ‘டிரியோம்ஃப்’ என்று பெயர் வைத்தார்கள். வெற்றி என்று அர்த்தம். பழைய பெயர் 2006இல்தான் திரும்பியது. கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் 1966இல் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 60,000க்கும் மேற்பட்டோரை மணல்வெளிக்கு விரட்டினார்கள். கோயில் பாவம் வேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ, தேவாலயங்களையும் மசூதிகளையும் விட்டுவைத்தார்கள். அவற்றைச் சுற்றிலும் புல் முளைத்துக் கிடந்தது.

டர்பன் கதையில் நம்மவர்களும் வருகிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறையில் வந்து நின்றது. டர்பனைச் சுற்றியிருந்த நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பல் அது; பின்னால் வந்தவர்களிலும் தமிழரும் தெலுங்கரும் ஏராளம். ஒப்பந்தம் முடிந்தவர்களில் பலர் நகரத்தை ஒட்டிய கேட்டோ மேனரில் நிலம் பிடித்துக் காய்கறி போட்டார்கள், கோயில் கட்டினார்கள். கறுப்பர்களும் அங்கே குடிசை போட்டு வாடகைக்கு இருந்தார்கள். 1958இல் அது வெள்ளையர் பகுதி என்றானது. கறுப்பர்கள் தங்களுக்கென நகருக்கு வெளியே ஒதுக்கிய உம்லாசிக்கும் க்வாமாஷுவுக்கும் போனார்கள். இந்தியர்கள் சாட்ஸ்வர்த்துக்குப் போனார்கள். வரைபடத்தில் சாட்ஸ்வர்த் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெள்ளையர் பகுதிக்கும் உம்லாசிக்கும் இடையில். இந்தியர்களை நடுவில் மெத்தைபோல வைத்தார்கள்.

நடுப்படியில் நிற்பதற்கு ஒரு விலை உண்டு, ஒரு மயக்கமும் உண்டு. டர்பன் தபால் நிலையத்தில் 1890களில் இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று வெள்ளையருக்கு, இன்னொன்று மற்ற எல்லோருக்கும். கறுப்பர்களோடு ஒரே வாசலில் நுழைவது இழிவு என்று நேட்டால் இந்தியக் காங்கிரஸ் முறையிட்டது. அப்போது காந்திதான் அதன் செயலாளர். மூன்றாவதாக ஒரு வாசல் திறந்தார்கள். ரயிலிலிருந்து அவரை இறக்கிவிட்ட கதை நம் எல்லோருக்கும் தெரியும், இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை. படிக்கட்டு கட்டியவனைப் பார்த்துக் கோபப்படுவதைவிடக் கீழ்ப்படியில் நிற்பவனிடமிருந்து விலகி நிற்பது எளிதாக இருந்திருக்கிறது. 1949இல் டர்பனில் கறுப்பர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடந்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். கடை, பஸ், வாடகை என்று தினமும் உரசிக்கொண்டவர்கள் இந்த இரண்டு பேர்தான். விதி எழுதியவர்கள் அந்தத் தெருவிலேயே இல்லை.

டர்பனின் பேர்போன ‘பன்னி சவ்’ பற்றியும் ஒரு கதை உலவுகிறது. ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றித் தருவார்கள். இந்தியர் நடத்திய சாப்பாட்டுக் கடைகளுக்குள் கறுப்பர்கள் உட்கார்ந்து சாப்பிட முடியாததால், தட்டில்லாமல் எடுத்துப் போக இப்படி ஓர் ஏற்பாடு பிறந்தது என்பார்கள். தோட்டக் கூலிகள் மதியச் சாப்பாடு கொண்டுபோகக் கண்டுபிடித்தது என்று வேறு கதையும் உண்டு. எப்படியோ, இன்று எல்லா இனத்தாரும் கைவிரலால் தின்கிறார்கள்.

வீட்டைத் தூரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பது பஸ் டிக்கெட்டில் தெரியும். ஜோகன்னஸ்பர்க்குக்கு வடக்கே கறுப்பர் குடியிருப்பான அலெக்ஸாண்ட்ரா. 1957 ஜனவரியில் நகரத்துக்குப் போகும் பஸ் கட்டணம் நான்கு பென்ஸிலிருந்து ஐந்து ஆனது. ஒரே ஒரு பென்னி. மக்கள் ‘அசிக்வெல்வா’ என்றார்கள், ஏற மாட்டோம் என்று அர்த்தம். ஏறக்குறைய மூன்று மாதம், ஆயிரக்கணக்கானோர் காலையில் சுமார் 15 கிலோமீட்டர் நடந்து வேலைக்குப் போய், மாலையில் அதே தூரம் திரும்பி நடந்தார்கள். இரக்கப்பட்டுக் காரில் ஏற்றிக்கொண்ட வெள்ளையர்களைப் போலீஸ் மறித்துத் தொல்லை கொடுத்தது. கடைசியில் பழைய கட்டணமே நிலைத்தது. ஆனால் கூலி குறைவு, தூரம் அதிகம் என்ற கணக்கு எத்தனை நாள் தாங்கும்? தொலைவில் தள்ளியவர்களைத் தினமும் வேலைக்கு இழுத்து வர, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அரசே பல ஆண்டுகள் மானியம் கொட்டியது. ஒதுக்கி வைப்பது செலவு பிடித்த வேலை.

1990இல் தனி வசதிகள் சட்டம் நீங்கியது. 1991இல் குழுப் பகுதிகள் சட்டமும் இனப் பதிவுச் சட்டமும் போயின. 1994 ஏப்ரல் 27 அன்று எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போடத் தொடங்கினார்கள். பலகைகளைக் கழற்ற ஒரு திருப்புளி போதும். அவற்றில் சில இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள அபார்ட்ஹைட் அருங்காட்சியகத்தில் டிக்கெட் வாங்கினால், உங்களை வெள்ளையர் என்றோ வெள்ளையர் அல்லாதவர் என்றோ எந்தக் கணக்கும் பார்க்காமல் சீட்டுக் குலுக்கியதுபோல ஒதுக்கி, அதற்குரிய வாசல் வழியாக அனுப்புகிறார்கள். கூட வந்தவர் வேறு வாசலில் போக நேரும்.

வரைபடத்தைக் கழற்றத் திருப்புளி இல்லை. நாலு அறை வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும் டவுன்ஷிப்புகள், அதாவது நகருக்கு வெளியே கறுப்பர்களுக்கென எழுப்பிய குடியிருப்புகள், கட்டிய இடத்திலேயே இருக்கின்றன. நகரத்துக்கும் அவற்றுக்கும் நடுவே விட்டுவைத்த ரயில் பாதை, தொழிற்சாலை வரிசை, வெற்றுநிலம் எல்லாம் வானிலிருந்து பார்த்தால் இன்றும் தெளிவாகத் தெரியும். இப்போது யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வீடு வாங்கலாம், காசு இருந்தால். காசு இல்லாதவர்கள் பொழுது விடியுமுன் சொவேட்டோவில் சாலையோரம் வந்து நிற்கிறார்கள். பெரும்பாலான மினிபஸ் டாக்சிகளில் போகும் இடம் எழுதியிருப்பதில்லை. நிற்பவர்தான் கையால் சைகை காட்ட வேண்டும். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சைகை. ஆள்காட்டி விரலை வானத்தை நோக்கி உயர்த்தினால், ‘டவுனுக்கு’.